பரணில் கிடக்கும் டிவிடி பிளேயரை மறுபடி ஓடவைப்பது எப்படி

ஆயிரத்து ஐந்நூறுக்கும் இரண்டாயிரத்துக்கும் வாங்கிய டிவிடி பிளேயரை இப்போது யாரும் பெரிதாக மதிப்பதில்லை. ஆனால் கல்யாணம், காதுகுத்து, மகளின் அரங்கேற்றம், பாட்டி உயிரோடு இருந்தபோது எடுத்த கோயில் கொடை, இதெல்லாம் எந்த யூடியூபிலும் கிடைக்காது. வீடியோக்காரர் கொடுத்த அந்த இரண்டு மூன்று டிஸ்க்கில்தான் இருக்கிறது, இப்போது வருகிற லேப்டாப்பில் டிஸ்க் போட இடமே கிடையாது.

போன ஐப்பசியில் அம்மா, அப்பாவின் அறுபதாம் கல்யாண டிஸ்க்கைப் பார்க்கவேண்டும் என்றார். பிளேயரில் போட்டால் ‘நோ டிஸ்க்’ என்று வந்தது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன், திறந்துகூடப் பார்க்காமல் லென்ஸ் போய்விட்டது, இதற்கெல்லாம் இப்போது சாமான் வருவதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து நானே மூடியைக் கழற்றினால், லென்ஸின் மேல் பஞ்சுப் படலம்போல் தூசி. துடைத்தேன், ஓடியது. அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள் வீட்டுப் பிளேயர்கள் சிலவற்றையும் பார்த்துவிட்டேன், செத்துப்போனது என்று ஒதுக்கப்பட்டவற்றில் முக்கால்வாசி சாகவே இல்லை.

கரண்ட் கொடுப்பதற்கு முன்

பரணிலிருந்து இறக்கியதும் நேரே பிளக்கில் சொருகிவிடாதீர்கள். முதலில் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள், உள்ளே ஏதாவது உருளுகிற சத்தம் கேட்டால் திருகு கழன்றிருக்கலாம், அல்லது பல்லி முட்டையாகவும் இருக்கலாம். காற்றுப் போக வைத்திருக்கும் துளைகள் வழியாக எறும்பும் கரப்பானும் குடியேறுவது நம் ஊரில் சாதாரணம். கரண்ட் ஒயரை முழுவதும் கையால் தடவிப் பாருங்கள், எலி கடித்திருந்தால் அதை மாற்றாமல் மேலே போகவேண்டாம். மழைக்காலமாக இருந்தால், அல்லது ஏசி அறையிலிருந்து எடுத்து வெளியே வைத்திருந்தால், ஒரு நாள் ஈரமில்லாத அறையில் அப்படியே விடுங்கள், லென்ஸில் ஈரம் படிந்திருந்தாலும் டிஸ்க்கைப் படிக்காது.

அடுத்து ரிமோட். இதை ஒரு சின்னப் பொருளாக நினைக்காதீர்கள், ஏனென்றால் விலை குறைந்த பிளேயர்களின் முகப்பில் பெரும்பாலும் திறக்க, ஓட்ட, நிறுத்த மூன்று பட்டன்தான் இருக்கும், செட்டிங்குக்குப் போக ரிமோட்டை விட்டால் வழியே இல்லை. பேட்டரி கசிந்து ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் பழைய டூத் பிரஷால் சுரண்டிவிடுங்கள். ரிமோட் வேலை செய்கிறதா என்று பார்க்க, அதன் முனையை போன் கேமராவுக்கு நேரே காட்டி ஒரு பட்டனை அழுத்துங்கள், கேமராத் திரையில் சின்னதாக ஒரு வெளிச்சம் மினுக்கினால் சரி. பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் செல்ஃபி கேமராவில் பாருங்கள், அதில் பெரும்பாலும் தெரிந்துவிடும். தொலைந்துபோயிருந்தால் பிளேயரின் பெயரை மட்டும் சொல்லிக் கடையில் வாங்காதீர்கள், ஒரே பெயரில் வேறு வேறு ரிமோட் உண்டு. பிளேயரையே கையோடு எடுத்துப் போய் அங்கேயே அழுத்திப் பார்த்து வாங்குவதுதான் நல்லது.

டிவியோடு இணைப்பது

இங்கேதான் நிறையப் பேர் சோர்ந்து போகிறார்கள். பழைய டப்பா டிவி என்றால் ஒரு பிரச்சினையும் இல்லை, மஞ்சள் ஒயர் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு, நிறத்துக்கு நிறம் சொருகினால் முடிந்தது. புது எல்இடி டிவியில் மூன்று துளையும் தனித்தனியாக இருக்காது. சிலவற்றில் ஹெட்போன் துளை மாதிரி ஒன்று இருக்கும், பக்கத்தில் ஏவி இன் என்று போட்டிருக்கும், அதற்கு மூன்று நிற ஒயரை ஒரே முனையாகச் சேர்க்கும் ஒரு குட்டி ஒயர் வேண்டும். அது டிவி டப்பாவிலேயே வந்திருக்கலாம், தேடுங்கள். கடையில் வாங்கினால் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே ஒயர் வரிசை மாறியிருக்கும், அதனால்தான் படத்துக்குப் பதில் கர்ரென்ற இரைச்சல் வருகிறது. அப்படி வந்தால் மஞ்சளை எடுத்துவிட்டுச் சிவப்பு முனையில் படத்தைக் கொடுத்துப் பாருங்கள், பல தடவை அதிலேயே சரியாகிவிடும். இன்னும் சில டிவிகளில் மஞ்சள் துளை கிடையாது, பச்சை, நீலம், சிவப்பு என்று வரிசையாக இருக்கும், அங்கே பச்சைத் துளையைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டிருந்தால் மஞ்சள் ஒயரை அதில்தான் சொருகவேண்டும்.

எச்டிஎம்ஐ துளை மட்டுமே இருக்கிற டிவி என்றால் நடுவில் ஒரு மாற்றுப் பெட்டி தேவை. கேட்கும்போது கவனம்: நமக்கு வேண்டியது ஏவியிலிருந்து, அதாவது அந்த மூன்று நிற ஒயரிலிருந்து, எச்டிஎம்ஐக்கு மாற்றுவது. எச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்கு மாற்றும் பெட்டியும் அதே அளவில், அதே நிறத்தில்தான் இருக்கும், அதை வாங்கி வந்தால் ஒன்றும் நடக்காது. இந்தப் பெட்டிக்கு 5 வோல்ட் கரண்ட் வேண்டும், டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாம் சொருகியாயிற்று, திரை கறுப்பு, அல்லது படம் பச்சையாகக் கிழிந்து ஓடுகிறது. பயப்படவேண்டாம். யாரோ எப்போதோ பிளேயரை ‘புரோகிரசிவ்’ என்ற முறைக்கு மாற்றியிருப்பார்கள், அந்த முறையில் பல பிளேயர்கள் மஞ்சள் ஒயரில் படம் கொடுக்காது. ரிமோட்டில் வி-மோடு, அல்லது பி-ஸ்கேன் என்று ஒரு பட்டன் இருக்கும், டிஸ்க் இல்லாமல் அதை ஒவ்வொரு தடவையாக அழுத்தி இரண்டு விநாடி பொறுத்திருந்து பாருங்கள், நாலைந்து அழுத்தலில் படம் வந்துவிடும். படம் வருகிறது, ஆனால் கறுப்பு வெள்ளையாக வருகிறது, அல்லது மேலே மேலே உருளுகிறது என்றால் அது பிஏஎல், என்டிஎஸ்சி குழப்பம். நம் நாட்டு டிவி முறை பிஏஎல், அமெரிக்கா, ஜப்பானில் என்டிஎஸ்சி. நம் தமிழ்ப் பட டிவிடிகளிலேயே வெளிநாட்டுக்காகப் போட்டவை நிறைய என்டிஎஸ்சிதான். செட்டிங்கில் ‘ஆட்டோ’ என்று வைத்துவிட்டால் பெரும்பாலும் போதும். இந்த மெனுவில் ஒரு பகுதி மங்கலாகத் தெரிந்து உள்ளே போகவிடாமல் இருந்தால் டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டு முயலுங்கள், டிஸ்க் ஓடும்போது அந்தப் பக்கம் திறக்காதபடிதான் பல பிளேயர்களைச் செய்திருக்கிறார்கள்.

கல்யாண வீடியோவில் எல்லோர் முகமும் அகலமாகத் தெரிகிறதா? பழைய வீடியோ 4:3 அளவில் எடுத்தது, அகலத் திரை அதை இழுத்துப் பரப்புகிறது. டிவி ரிமோட்டில் படத்தின் அளவை 4:3 என்று மாற்றுங்கள், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும், தாத்தாவின் முகம் தாத்தாவின் முகமாக இருக்கும். எச்டிஎம்ஐ உள்ள பிளேயரில் 1080 என்று போட்டிருப்பதைப் பார்த்து அதிகமாக எதிர்பார்க்கவேண்டாம், பிஏஎல் டிவிடியில் இருப்பது 720க்கு 576 புள்ளிதான், பெட்டி அதை இழுத்துப் பெரிதாக்குகிறது, அவ்வளவே.

சத்தத்தில் ஒன்றே ஒன்று. பாட்டு காதைப் பிளக்கிறது, வசனம் கேட்கவில்லை என்றால் டிஸ்க்கில் இருப்பது ஆறு ஸ்பீக்கருக்கான 5.1 ஒலி, நடு ஸ்பீக்கருக்கான வசனம் உங்கள் டிவிக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை. ஸ்பீக்கர் செட்டிங்கில் டவுன்மிக்ஸ் என்பதை ‘ஸ்டீரியோ’ ஆக்குங்கள்.

நோ டிஸ்க்

இந்த இரண்டு வார்த்தைக்குப் பல காரணம் உண்டு, லென்ஸ் அதில் ஒன்று. முதலில் வேறு இரண்டு டிஸ்க்கைப் போட்டுப் பாருங்கள், கடையில் வாங்கிய சினிமா டிவிடி ஒன்று, பழைய விசிடி (சிடியில் பதிந்த வீடியோ) ஒன்று. சினிமா ஓடுகிறது, கல்யாண டிஸ்க் மட்டும் ஓடவில்லை என்றால் டிஸ்க்கில் அழுக்கு இருக்கலாம், இல்லாவிட்டால் லேசர் பலம் குறைந்திருக்கலாம், ஏனென்றால் எழுதப்பட்ட டிஸ்க் அச்சடித்த டிஸ்க்கைவிடக் குறைவாகத்தான் ஒளியைத் திருப்பி அனுப்பும். விசிடி ஓடுகிறது, டிவிடி எதுவும் ஓடவில்லை என்றால் சந்தேகம் நேரே லேசர் மேல்தான்: ஒரே லென்ஸுக்குக் கீழே இரண்டு லேசர் இருக்கிறது, டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு, சிடிக்கு 780 நானோமீட்டர், இரண்டும் ஒன்றாகச் சாவதில்லை. படம் நடுவில் ஒரு இடத்தில் நின்று நின்று போகிறது, எந்தச் சினிமா டிஸ்க் போட்டாலும் ஏறக்குறைய அதே நேரத்தில் நிற்கிறது என்றால், அங்கே லேசர், டிஸ்க்கில் தகவல் பதிந்த ஓர் அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்குத் தாவுகிறது. 4.7 ஜிபி டிஸ்க்குக்கு ஓர் அடுக்குதான், 8.5 ஜிபி டிஸ்க்குக்கு இரண்டு. இரண்டாம் அடுக்கைப் படிக்கத் திணறுவது லேசர் தளர்வதற்கு முதல் அறிகுறி. ஓர் அடுக்கு டிஸ்க்கில் கடைசிக் கால் மணி நேரம் மட்டும் தகராறு என்றால் அதன் வெளி ஓரத்தைப் பாருங்கள். அந்த டிஸ்க் உள்ளிருந்து வெளியேதான் படிக்கப்படுகிறது, நாம் விரல் வைத்துப் பிடிப்பதும் வெளி ஓரத்தில்தான்.

டிஸ்க்கைத் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்கவே கூடாது. நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாக, கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணியால். வட்டமாகக் கீறல் விழுந்தால் அது தடத்தோடு சேர்ந்து ஓடும், பிளேயரால் தாண்டமுடியாது, குறுக்கே விழுந்த கீறலை ஓரளவு சமாளித்துவிடும். எண்ணெய்க் கறையாக இருந்தால் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு அலசி, நிழலில் காயவையுங்கள். ஆனால் பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டிய டிஸ்க்கைத் தண்ணீரில் போடாதீர்கள். மணமக்கள் படம் போட்ட அந்த ஸ்டிக்கர் ஓரத்தில் பிரிந்திருந்தாலும் உரிக்கவேண்டாம். சிடி என்றால் தகவல் இருக்கும் அடுக்கு அந்தப் பக்கத்து மேல்பூச்சுக்கு அடியிலேயே இருப்பதால் ஸ்டிக்கரோடு சேர்ந்து வீடியோவும் உரிந்து வந்துவிடும், டிவிடியில் அது இரண்டு பிளாஸ்டிக் தட்டுக்கு நடுவில் இருந்தாலும் இழுக்கிற இழுப்பில் தட்டுகள் பிரியலாம். பிரிந்த ஓரத்தைக் கொஞ்சம் பசை வைத்துத் தட்டையாக அழுத்திவிட்டால் போதும், அடுத்த வேலை அதைக் காப்பி எடுப்பதுதான்.

இனி லென்ஸ். பிளேயரை ஆன் செய்து ட்ரேயை வெளியே தள்ளவிட்டு, அப்படியே பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே சப்ளை போர்டில் இருக்கும், கரண்டைத் தேக்கி வைக்கிற பெரிய கன்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் சிறிது நேரம் தங்கியிருக்கும், பத்து நிமிடம் பொறுத்திருந்து மூடியைக் கழற்றுங்கள், கழற்றிய பிறகும் கரண்ட் ஒயர் வந்து சேரும் அந்தப் போர்டைத் தொடவேண்டாம். பக்கத்தில் இரண்டிரண்டு, பின்னால் இரண்டு மூன்று திருகு இருக்கும். லென்ஸ் ஒரு பாசிப்பயறு அளவில், நீலச்சாயல் மினுக்கத்தோடு, முடிபோன்ற கம்பிகளில் தொங்கிக்கொண்டிருக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு, உதறிவிட்டு, இமையைத் தொடுகிற அழுத்தத்தில் ஒரு தடவை, அப்புறம் உலர்ந்த குச்சியால் ஒரு தடவை. நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர், பெட்ரோல் எதுவும் கூடாது, லென்ஸ் பிளாஸ்டிக், புகைபடிந்ததுபோல் ஆகிவிடும். வாயால் ஊதவும் கூடாது, எச்சில் துளி படும். கடையில் விற்கிற பிரஷ் வைத்த கிளீனர் டிஸ்க்கை நான் பயன்படுத்துவதில்லை, அந்தக் கம்பியில் தொங்குகிற லென்ஸை வேகமாகச் சுழலும் பிரஷ் அடிப்பதை நினைத்தாலே மனசு கேட்கவில்லை.

துடைத்தும் பலனில்லை என்றால் லேசரோடு சேர்ந்த லென்ஸ் பகுதியையே மாற்றவேண்டியதுதான். அதன் பக்கவாட்டில் எண் அச்சிட்டிருக்கும், எச்டி 65, கேஎச்எம் 313 போன்றவை விலை குறைந்த பிளேயர்களில் அடிக்கடி தட்டுப்படும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, அல்லது போட்டோ எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள், சென்னை என்றால் ரிச்சி தெரு, மற்ற ஊரில் டிவி சர்வீஸ் சாமான் விற்கிற கடை. ஒரு விஷயத்தை மறக்கவேண்டாம்: புது லென்ஸில் நிலைமின்சாரம் தாக்காமல் இருக்க இரண்டு புள்ளியைச் சால்டர் வைத்து இணைத்து அனுப்புவார்கள். ரிப்பன் கேபிளைச் சொருகிய பிறகு அந்தச் சால்டரை எடுத்துவிடவேண்டும், எடுக்காவிட்டால் புது லென்ஸும் ‘நோ டிஸ்க்’ என்றே சொல்லும், புதுசே கெட்டது என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. சால்டரிங் பழக்கமில்லாதவர்கள் இதை மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள், பக்கத்தில் நின்று அதை எடுத்தாயிற்றா என்று மட்டும் கேளுங்கள். லேசர் எரியும்போது லென்ஸுக்கு நேரே கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது.

ட்ரே வெளியே வராமல் உள்ளே மோட்டார் மட்டும் உறுமுகிறது என்றால் சின்ன ரப்பர் பெல்ட் ஒன்று தளர்ந்திருக்கும். அதே அளவில் புதுசு வாங்கிப் போடுங்கள். அதுவரை சமாளிக்க, பெல்ட்டைக் கழற்றிக் கொதிக்காத சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டுத் துடைத்து மாட்டினால் சில வாரம் ஓடும். பல்சக்கரத்தில் பழைய கிரீஸ் இறுகியிருந்தால் துடைத்துவிட்டு வெள்ளை கிரீஸ் கடுகளவு. தேங்காய் எண்ணெய் வேண்டாம்.

உயிரே இல்லை, அல்லது விளக்கு மட்டும் எரிந்து எரிந்து அணைகிறது என்றால் சப்ளை போர்டு. அதில் உருளையாக நிற்கும் கன்டென்சர்களின் தலை தட்டையாக இருக்கவேண்டும், பணியாரம்போல் உப்பியிருந்தால் அதுதான் குற்றவாளி. பெரும்பாலும் 5 வோல்ட் பக்கத்தில் இருக்கும் 1000 மைக்ரோஃபாரட் ஒன்று. மாற்றும்போது மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அல்லது அதிகம், வெப்பம் 105 டிகிரி என்று போட்டது. மெக்கானிக்கிடம் ‘சப்ளையில் கன்டென்சர் உப்பியிருக்கிறது’ என்று நீங்களே சொல்லிக் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும், செலவும் குறையும்.

யுஎஸ்பி துளை

முன்னால் யுஎஸ்பி துளை இருந்தால் பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து சொருகுங்கள், 32 ஜிபிக்கு மேல் போகவேண்டாம். ஃபேட்32ல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டமுடியாது. இந்தப் பிளேயர்களுக்குத் தெரிந்தது பழைய எம்பிஇஜி, டிவ்எக்ஸ், எக்ஸ்விட் வகைகள். போனில் எடுத்த எம்பி4 பெரும்பாலும் எச்.264 வகையாக இருக்கும், பெயர் தெரியும், படம் ஓடாது, சத்தம் மட்டும் வரலாம். பிளேயர் கெட்டுவிட்டது என்று நினைக்கவேண்டாம். கோப்பின் பெயரைத் தமிழில் வைத்தால் கட்டம் கட்டமாகத் தெரியும், ஆங்கில எழுத்தில் சின்னதாக வையுங்கள். பாட்டுக்கு இது அருமையான வசதி, நூற்றுக்கணக்கான எம்பி3 போட்டு அம்மாவுக்குக் கொடுத்திருக்கிறேன். ஹார்ட் டிஸ்க்கை நேரே சொருகாதீர்கள், அதற்குத் தேவையான கரண்டை அந்தத் துளை கொடுக்காது.

பழையது வாங்குவதாக இருந்தால்

வீட்டில் பிளேயரே இல்லை, இனிமேல்தான் வாங்கவேண்டும் என்றால் பழைய சாமான் விற்பவரிடம் போகும்போது மூன்று டிஸ்க் கொண்டு போங்கள்: விசிடி ஒன்று, வீட்டு வீடியோ எழுதிய டிவிடி ஒன்று, நீளமான சினிமா டிவிடி ஒன்று. மூன்றையும் போட்டு, ஒவ்வொன்றிலும் கடைசிக் காட்சிக்குத் தள்ளிப் பாருங்கள். ட்ரேயை ஐந்து தடவை திறந்து மூடுங்கள். ரிமோட் இல்லாமல் வாங்காதீர்கள். ப்ளூ-ரே பிளேயர் வாங்கினால் எல்லாமே ஓடும் என்று நினைக்கிறவர்கள், விசிடி ஓடுமா என்று குறிப்பாகக் கேளுங்கள், சிலவற்றில் ஓடாது. 2007ல் மோசர் பேயர் நிறுவனம் 28 ரூபாய்க்கு விசிடி போட்டு விற்றபோது வாங்கிச் சேர்த்தவர்களுக்கு இது முக்கியம்.

வெளிநாட்டு டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. டிவிடிக்கு மண்டலப் பூட்டு உண்டு, ஒரு மண்டலத்து டிஸ்க் இன்னொரு மண்டலத்துப் பிளேயரில் ஓடாது: இந்தியாவும் இலங்கையும் 5, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, துபாய் 2, அமெரிக்கா 1. பெரிய விலைப் பிளேயர்கள் இந்தப் பூட்டை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும், விலை குறைந்தவற்றில் பெரும்பாலானவை எல்லா மண்டலத்தையும் ஓட்டிவிடும். சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டிஸ்க்கை ஓட்ட அந்த மலிவுப் பிளேயரே போதும்.

ஓட ஆரம்பித்ததும் செய்யவேண்டியது

ஓடியதும் உட்கார்ந்து பாருங்கள், எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஆனால் அந்த வாரமே காப்பி எடுங்கள். யுஎஸ்பியில் சொருகும் டிவிடி டிரைவ் ஒன்றை யாரிடமாவது வாங்கி, கணினியில் டிஸ்க்கைத் திறந்தால் ‘வீடியோ டிஎஸ்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதை முழுசாக அப்படியே காப்பி செய்யுங்கள், ஒன்றிரண்டு கோப்பை மட்டும் எடுக்கவேண்டாம். கல்யாண வீடியோவில் பூட்டு எதுவும் இருக்காது, சாதாரணமாகக் காப்பி ஆகும், விஎல்சி என்ற வீடியோ ஓட்டும் மென்பொருளில் ஃபோல்டரைத் திறந்தால் மெனுவோடு ஓடும். விசிடியில் ‘எம்பிஇஜி ஏவி’ என்ற ஃபோல்டருக்குள் ‘.dat’ என்று முடியும் கோப்பு இருக்கும், அதுதான் படம்.

சில டிஸ்க்கைக் கணினி ஏற்கவே ஏற்காது, ஒரே இடத்தில் நின்று திரும்பத் திரும்பப் படிக்கப் பார்த்து நின்றுவிடும். அதே டிஸ்க்கை இந்த மலிவு பிளேயர் ஓட்டிவிடும், ஏனென்றால் படிக்கமுடியாத இடத்தில் அது மல்லுக்கட்டாமல் இரண்டு கட்டம் சிதறியபடியே தாண்டிப் போய்விடும். அப்படிப்பட்ட டிஸ்க்குக்கு ஒரு யுஎஸ்பி வீடியோ கேப்சர் குச்சி வாங்கி, பிளேயரின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரை அதில் சொருகி, பிளேயரில் ஓடவிட்டுக் கணினியில் பதிவு செய்யுங்கள். மூன்று மணி நேர வீடியோவுக்கு மூன்று மணி நேரம் ஆகும். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தில் இரண்டாவது டிஸ்க்கை நான் இப்படித்தான் எடுத்தேன், மாலை மாற்றும் இடத்தில் நாலு விநாடி கட்டம் கட்டமாக உடைகிறது, மற்றதெல்லாம் முழுசாக இருக்கிறது. ஒரு காப்பி என் ஹார்ட் டிஸ்க்கில், இன்னொன்று தங்கை வீட்டில். பிளேயர் இப்போது டிவிக்குக் கீழேயே இருக்கிறது, தூசிக்கு ஒரு துணி போட்டு, இடி மின்னல் வந்தால் பிளக்கைப் பிடுங்கி வைக்கிறோம்.